தொண்டிக் கடலில் யார் எங்கே வலை போடலாம்?

செட்டிநாட்டுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைச் சந்தைகளுக்குத் தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து மீன் வண்டி வந்துகொண்டேதான் இருக்கிறது. நண்டு ஒரு நாள் மலிவு, மறுநாள் யானை விலை என்றால் அதற்குக் காற்றும் மழையும் மட்டும் காரணமில்லை. கரையிலிருந்து எத்தனை மைல் என்ற சட்டக் கணக்கும் உண்டு.

கடலில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன்படி, கரையிலிருந்து முதல் 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கி.மீ., நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகு அதைக் கடந்து போகலாம், வலை இறக்கக் கூடாது. காரணம் எளிது. நாட்டுப்படகுக்காரர் சாயங்காலம் நண்டு வலையைத் தரையோடு தரையாகப் போட்டுவிட்டு வருவார். ராத்திரி ஒரு விசைப்படகு இழுவை மடியோடு, அதாவது கடல்தரையை வாரி இழுக்கும் வலையோடு, அந்த வழியே போனால், விடியற்காலை அங்கே வலையும் இருக்காது, நண்டும் இருக்காது. கடனுக்கு வாங்கிய வலையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் பொறுப்பில் உள்ள பொருளாதார மண்டலம். இந்த மண்டலத்தை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

இந்த 200 மைல் கணக்கு சென்னைக் கடலுக்குச் சரி. நம் பக்கம் பாக் விரிகுடா. 200 கடல் மைல் என்றால் 370 கி.மீ., ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தமே 30 கி.மீ. அளவுதான்! அதனால் இங்கே 1974 ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் வகுத்த எல்லைக்கோடுதான் கடைசி. 3 மைலுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே உள்ள கடலுக்குள்தான் அத்தனை விசைப்படகும் தொழில் செய்தாக வேண்டும். தகராறெல்லாம் அங்கேதான் முளைக்கிறது. இடம் போதாததால் நாளையும் பிரித்திருக்கிறார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும், நாட்டுப்படகு போகும். மே மாதம் சந்தையில் ‘இன்று காலை பிடித்த தொண்டி மீன்’ என்று யாராவது சொன்னால், அது நாட்டுப்படகு மீனாகத்தான் இருக்க வேண்டும். விலை கூடத்தான் இருக்கும், வரத்து அவ்வளவுதான்.