வயிற்றுக் கிருமி மூச்சில் தெரிவது எப்படி?

நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் தமக்கு அல்சர் வந்தது என்று வீட்டார் சொல்வதாகவும், மருத்துவரோ ஒரு பையில் மூச்சை ஊதச் சொல்லிவிட்டு வயிற்றில் கிருமி இருப்பதாகச் சொல்வதாகவும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயிற்றில் உள்ள கிருமி மூச்சில் எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி.

இரைப்பையின் அல்லது முன்சிறுகுடலின் உட்சுவர் அமிலத்தால் அரிக்கப்பட்டு உண்டாகும் புண்ணையே அல்சர் என்கிறோம். மேல்வயிற்றில் எரிச்சல், உப்புசம், குமட்டல் ஆகியவை இதன் வழக்கமான அறிகுறிகள். முன்சிறுகுடலில் புண் இருந்தால் பசிவேளையிலும் நள்ளிரவிலும் வலி எடுத்து, சாப்பிட்டதும் தணிவதுண்டு. காரமும் பட்டினியும் இந்த வலியைக் கூட்டலாம். ஆனால் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இரண்டு: ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இந்தப் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். நம்ப மறுத்தவர்களுக்காக மார்ஷல் 1984-இல் அதைத் தாமே குடித்து, சில நாள்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களை நம்பாதவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். இறைச்சியையே கரைக்கும் அமிலத்தில் ஓர் உயிர் எப்படி வாழும்? நம் கல்லீரல் புரதக் கழிவிலிருந்து உருவாக்கும் யூரியா, இரத்தத்தின் வழியே இரைப்பைக்கும் சிறிதளவு வந்து சேர்கிறது. இந்தப் பாக்டீரியா யூரியேஸ் என்னும் நொதியை மிக ஏராளமாகத் தயாரித்து, யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா அமிலத்தை முறிப்பதால் பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது.

என்னை வியப்பில் ஆழ்த்துவது இதற்கு அடுத்த படிதான். அமிலம் குறைவான இடத்திலும் இந்த வேலை ஓயாமல் நடந்தால், பாக்டீரியா தன் அம்மோனியாவாலேயே காரத்தன்மை மிகுந்து மடிந்துபோகும். அதனால் அதன் உட்சவ்வில் யூரியாவை உள்ளே விடும் நுண்துளைகள், சூழல் நடுநிலையாக உள்ளபோது மூடிக் கிடந்து, அமிலம் ஏற ஏறத் திறந்துகொள்கின்றன. ஆபத்தே கதவைத் திறக்கிறது. ஆபத்து விலகியதும் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. இரைப்பைச் சுவரைக் காக்கும் கோழைப் படலம் அமிலத்தில் நுங்கைப் போல இறுகி நிற்கும்; அம்மோனியா பட்ட இடத்தில் அது நெகிழ்ந்துவிடும். அந்த நெகிழ்வினூடே, தன் கசையிழைகளைச் சுழற்றி நீந்தி, அமிலம் அதிகம் எட்டாத சுவரோரத்துக்குப் பாக்டீரியா போய்ச் சேர்கிறது. அங்கே அது கிளப்பும் அழற்சி நீடித்தால் சிலருக்குப் புண் உண்டாகிறது. கிருமி இருக்கும் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை.

மூச்சுச் சோதனைக்கு அடிப்படை இதே நொதிதான். அடையாளமிட்ட கார்பன் அணுவைக் கொண்ட யூரியாவை நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். மனித உயிரணுக்கள் யூரியேஸைத் தயாரிப்பதில்லை. கிருமி இருந்தால் மட்டுமே அந்த யூரியா இரைப்பையில் உடைந்து, அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே சிறிது நேரத்தில் வெளிவரும்.

இத்தனை தெளிவான சோதனை இருக்கும்போது, தீராத வயிற்றுவலிக்காரரிடம் யாரோ இடுமருந்து வைத்துவிட்டதாகச் சொல்லி, அதை எடுப்பதாகக் காசு பறிப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. மறுபுறம், இந்தக் கிருமியைக் கொல்லும் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் பலருக்கு வேலை செய்யாமல் போகின்றன. எந்த வட்டாரத்தில் எந்த மருந்து பலிக்கிறது என்று தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியவை சில உண்டு. பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே ஊதினால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். மருத்துவரிடம் கேட்டு அதைச் சுமார் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றி எடை குறைந்தாலும் தாமதியாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடியும் ஊதிப் பார்த்தால்தான் கிருமி ஒழிந்ததா என்பது உறுதியாகும்.