பன்றிக்கு ஏர்கன் போதுமா? லைசென்ஸ் விதி என்ன சொல்கிறது

கோவை, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பு வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் காட்டுப்பன்றியில்தான் போய் நிற்கிறது. துப்பாக்கி லைசென்சுக்கு யார் அலைவது, பேசாமல் நல்ல பவர் உள்ள ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி, ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அமெரிக்காவில் ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ஒரே குண்டில் பன்றியைச் சாய்க்கிற வீடியோதான் இதற்கெல்லாம் ஆரம்பம். அந்த நாட்டு மத்தியச் சட்டப்படி வெடிமருந்தால் சுடுவதுதான் துப்பாக்கிக் கணக்கில் வரும், காற்றால் சுடுவது வராது. நம் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. வெடிமருந்தால் சுட்டாலும் சரி, வேறு எந்த ஆற்றலால் சுட்டாலும் சரி, துப்பாக்கிதான் என்று அதன் விளக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிறிய ஏர்கன்னுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்குள், அதாவது கடையில் ‘ஒன் செவன்ட்டி செவன்’ என்று சொல்கிற அளவுக்குள் இருக்க வேண்டும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். அடுத்த அளவான 5.5 மி.மீ., ‘டூ டூ’ ஏர்கன், எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் கேட்கும். சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடுகிற பிசிபி ரகத்துக்கும் இதே அளவுகோல்தான்.

சரி, 20 ஜூல் என்றால் எவ்வளவு? இந்த அளவு பெல்லெட், அதாவது ஏர்கன் குண்டு, ஒன்று ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். அது நொடிக்கு ஏறக்குறைய 280 மீட்டர் வேகத்தில் போனால் 20 ஜூல் வந்துவிடும். எலி, பெருச்சாளிக்கு இது தாராளம். பன்றிக்கு, அதுவும் தோள்பட்டையில் தோல் தடித்துப் போன கிழட்டு ஆண் பன்றிக்கு, இது எந்த மூலைக்கு? ‘ட்வெல்வ் போர்’ என்று சொல்கிற பெரிய குழல் துப்பாக்கியின் தோட்டா சாதாரணமாகவே ஆயிரம் ஜூலைத் தாண்டும். ஏர்கன்னால் காயப்பட்ட பன்றி வாழைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளுக்குத்தான் ஆபத்து.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் பேசிக்கொள்கிறார்கள்: லைசென்ஸ் இல்லாத ஏர்கன்னை வாங்கி, உள்ளே ஹெவி ஸ்ப்ரிங் மாற்றிவிடுவது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் 20 ஜூலைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை சிறை. கடைக்காரர் பில்லில் என்ன எழுதியிருந்தாலும் போலீஸ் சோதனையில் வருகிற எண்தான் நிற்கும்.

ஆக, பவர் உள்ள ஏர்கன் வேண்டுமானாலும் சாதாரணத் துப்பாக்கிக்குப் போகிற அதே படிதான் ஏற வேண்டும்: விண்ணப்பம், போலீஸ் அறிக்கை, கலெக்டர் அலுவலகம். அப்படி ஏறுவதென்றால் நேராகத் துப்பாக்கிக்கே கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் சட்டத்தின் 13ஆம் பிரிவே விவசாயிக்குச் சாதகமாக இருக்கிறது. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், குழல் வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு, வேறு தடை இல்லாதபட்சத்தில், லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது போதாது என்று அதிகாரி நினைத்தால் தோட்டாத் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். ஏர்கன்னுக்கு இந்தச் சலுகை இல்லை. விண்ணப்பதாரருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும்.

கையில் லைசென்ஸ் இருந்தாலும் பன்றியை நினைத்தபோது சுட முடியாது, அது வேறு சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை, காயப்படுத்துவதும், முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். அதனால் தக்காளியைக் கொத்துகிற மயிலை ‘சும்மா விரட்ட’ ஒரு பெல்லெட் விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மயில் அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு வருடம் சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். நாட்டுக் குரங்கும் அதே அட்டவணைதான். குரங்கைச் சுட்டால் பாவம் என்று பயப்படுகிற நம் ஆட்கள் மயிலுக்கு மட்டும் ஏனோ அவ்வளவு பயப்படுவதில்லை.

பன்றி விஷயத்தில் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடைமுறை வேறு. கேரளத்தில் 2022 மே மாதம் முதல் பஞ்சாயத்து பிரசிடென்டுக்கே கெளரவ வன உயிரினக் காப்பாளர் என்ற அதிகாரம் கொடுத்து, பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவிட வைத்திருக்கிறார்கள். சுடுவது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர். விஷம், வெடி, கரண்ட் வேலி எதுவும் கூடாது. ஆகவே தோப்பு பாலக்காடு மாவட்டத்தில் இருந்தால் சொந்தத் துப்பாக்கியே தேவையில்லை, பஞ்சாயத்தில் மனு கொடுத்தால் போதும். இறைச்சி ஆசை மட்டும் வேண்டாம், சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவருக்கு இந்த அதிகாரம் இல்லை. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே முடியாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். மனுவை ரேஞ்சர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீடு கோவை மாவட்டத்திலும் தோப்பு பாலக்காட்டிலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி லைசென்ஸ் எந்தப் பகுதி வரை செல்லும் என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். அங்கே தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், தோப்பு நம்முடையதுதானே என்று செக்போஸ்ட் தாண்டித் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது, முதலில் எல்லையை விரிவாக்கித் தரச் சொல்லி லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.