மீள்வதற்கு என்ன இருக்கிறது? 'வலய மாற்றம்' – சொல் விளக்கம்

"இப்பகுதி வர்த்தக வலயமாக மீள்வலயப்படுத்தப்படவுள்ளது" என்று ஒரு கடதாசி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டால், வன்னியில் அதை வாசிக்கிறவருக்குப் பக்கத்து வளவில் வரப்போகும் வெல்டிங் கடை ஞாபகத்துக்கு வராது. இங்கே வலயம் என்றால் உயர் பாதுகாப்பு வலயம். 2009 இல் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் இன்னும் வேறு. 'மீள்' என்றால் மீள்குடியேற்றம். இரண்டையும் ஒட்டினால், படையினர் பிடித்து வைத்திருந்த காணியை விடப்போகிறார்கள், இல்லாவிட்டால் விட்டதைத் திரும்பப் பிடிக்கப்போகிறார்கள் என்றுதான் விளங்கும். இரண்டும் பிழை. ஆங்கிலத்தில் 'rezoning' என்பதைத்தான் அது சொல்ல வருகிறது: ஒரு பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று திட்டத்தில் குறித்திருப்பதை மாற்றுவது. ஆட்சேபனைக்குக் குறித்த நாளோ கழிந்துவிடும்.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'zone' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்க 'சோனே', அதாவது இடைக்கச்சை. நாங்கள் வைத்திருக்கும் வலயம் வடமொழி வழி வந்தது; அதுவும் கையில் போடும் வளைதான். ஒரு நகரம் முழுவதையும் குடியிருக்க இது, கடை போட இது என்று கோடு கிழித்துப் பிரிக்கும் விதியை நியூயோர்க் 1916 இல் கொண்டுவந்தது. இலங்கையில் 1946 இன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும், 1978 இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இந்த வேலைக்கு அடிப்படை.

வழக்கு 'மீள்' மேல்தான். அடகு வைத்த நகையை மீட்கிறோம், நோயிலிருந்து மீள்கிறோம். போனது திரும்பி வருவதே மீளல். பரீட்சை விடைத்தாளை மீள்பரிசீலனை செய்வதில்லையா என்று கேட்பார்கள். செய்கிறோம்; அதே தாளைத்தான் திரும்பப் பார்க்கிறோம். தாள் வேறு தாளாக மாறுவதில்லை. வதிவிட வலயம் வர்த்தக வலயமாகும்போது எது திரும்பி வருகிறது? ஒன்றுமில்லை. ஒன்று போய் வேறொன்று வருகிறது. அதற்குத் தமிழில் மாற்றம் என்ற சொல் எப்போதோ இருக்கிறது. 're-' என்ற ஆங்கில முன்னொட்டைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு 'மீள்' போடுவது மொழிபெயர்ப்பு அல்ல, முத்திரை குத்தல். பின்னால் வரும் 'படுத்தப்படவுள்ளது' இன்னொரு தொல்லை: யார் செய்கிறார் என்பதே தெரியாமல் போய்விடும்.

தனித்தமிழ்ப் பக்கம் நிற்பவர்கள் 'வட்டார மாற்றம்' என்கிறார்கள். காதுக்கு நல்லது, ஊருக்கு ஆகாது. புதுக்குடியிருப்பில் வீட்டு முகவரியிலேயே வட்டார இலக்கம் இருக்கிறது. உள்ளூராட்சித் தேர்தலும் வட்டாரத்தில்தான். 'வட்டார மாற்றம்' என்றால் வாக்காளர் இடாப்பைத் தேடிப் போவார்கள். தமிழ்நாட்டு 'மண்டலம்' அங்கே பழகிய சொல், அங்கேயே இருக்கட்டும். வலயம் வடசொல்லாக இருந்தாலும் கல்வி வலயம் வரை இங்கே ஊறிவிட்டது. ஆகவே வலய மாற்றம். அதோடு விடாமல், எதிலிருந்து எதற்கு என்பதையும் எழுத வேண்டும்: "வதிவிட வலயத்திலிருந்து வர்த்தக வலயத்துக்கு மாற்றம்".

இதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு. வீட்டின் முன் அறையைப் பலசரக்குக் கடையாக்குவதையும் இதே சொல்லால் எழுதுகிறார்கள். அது வலய மாற்றமல்ல, பயன்பாட்டு மாற்றம். முன்னது திட்ட வரைபடத்தின் நிறத்தை மாற்றுகிறது, அந்த வலயத்துக்குள் விழும் அத்தனை வளவுகளையும் தொடுகிறது. பின்னது ஒரு கட்டடம், ஒரு விண்ணப்பம், ஓர் அபிவிருத்தி அனுமதி. அடுத்த வீட்டுக்காரர் எதை எதிர்க்கிறார் என்று தெரியாமல் கடிதம் எழுதினால், அதைக் கோவையில் போட்டு மூடுவது சுலபம்.

வன்னியில் மூன்றாவது பூட்டும் இருக்கிறது. இங்கே பல காணிகள் 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். வரைபடம் வர்த்தகம் என்று நிறம் மாறினாலும் அனுமதிப்பத்திரத்தில் எழுதிய நோக்கம் தானாக மாறாது. அதற்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போக வேண்டும். வயலாக இருந்தால் மண் நிரப்புவதற்கு முன் கமநல அபிவிருத்தித் திணைக்களம். 'மீள்வலயப்படுத்தல்' என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்று கதவுகளையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. அதை நம்பிக் கடைக்கு அத்திவாரம் வெட்டியவரும் மாட்டுப்படுகிறார்.

சத்தமும் அப்படித்தான். 1996 இன் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் பிரதேச சபைப் பகுதி குறைந்த ஒலிப் பகுதி. எல்லையில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வலயம் மாறிவிட்டது என்று சொல்லி கிரைண்டரை இரவு பத்து மணிக்குப் போட முடியாது.

அறிவித்தலைக் கண்டால் சொல்லோடு மல்லுக்கட்டாமல் நான்கைப் பாருங்கள்: கிராம அலுவலர் பிரிவு, நில அளவைப் படத்தின் இலக்கம், துண்டு இலக்கம், ஆட்சேபனைக்குக் கடைசி நாள். துண்டு இலக்கம் இல்லாமல் "ஏ9 வீதியை அண்டிய பகுதி" என்று மட்டும் இருந்தால், எத்தனை மீற்றர் உள்ளே என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலில் உங்கள் கிணறு எந்தப் பக்கம் விழுகிறது என்பது இருக்காது.