மாசிக்காயும் நாயக்கர் சிலையும்

மயிலாப்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “மதுரைப் புதுமண்டபத்தின் பழைய போட்டோவில் ராஜா சிலைகள் மட்டும் தெரிகின்றன. அந்தக் காலத்தில் அங்கே ஆள் நடமாட்டமே இல்லையா?”

இருந்திருக்கும். படத்தில்தான் விழவில்லை. 1858-ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போய்ப் படமெடுத்தார். அன்றைய காகித நெகட்டிவுக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். குறுக்கே நடந்துபோகிறவர் பதியவே மாட்டார். அசையாமல் நிற்கும் திருமலை நாயக்கர் மட்டும் கச்சிதமாகப் பதிவார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று என் பாட்டி சொல்வார். டிரைப்பின் கேமராவைப் பார்த்திருந்தால் நிம்மதியாகக் குறுக்கே போயிருப்பார்!

காகிதத்தில் தேன்மெழுகு ஏற்றி, வெள்ளி அயோடைடு பூசுவார்கள். மெழுகு ஏற்றியதால் முன்கூட்டியே தயாரித்துப் பெட்டியில் எடுத்துப் போகலாம். நம் வெயிலுக்கு அது பெரிய வசதி. சரி, வெளிச்சம் பட்டதும் படம் வந்துவிடுமா? வராது. வெளிச்சம் பட்ட இடத்தில் அயோடைடு துகள் ஒன்றில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கண்ணுக்குக் காகிதம் வெறுமையாகவே இருக்கும். அதை வெள்ளி நைட்ரேட் கலந்த காலிக் அமிலத்தில் போட வேண்டும். அமிலம் எலக்ட்ரானைக் கொடுக்க, கரைசலில் உள்ள வெள்ளி உலோகமாகி, பால் உறை குத்தியதுபோல, அந்த நாலைந்து அணுவைச் சுற்றியே சேரும். கோடிக்கணக்கில் சேர்ந்து கறுக்கும்போது தூண் தெரியும், அப்புறம் சிலை.

காலிக் அமிலம் எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? மாசிக்காய். பிள்ளைக்கு உரைத்துக் கொடுப்போமே, அதேதான். நாட்டு மருந்துக்கடையில் வாங்கிக் கொதிக்கவைத்து, வெள்ளி நைட்ரேட் தடவிய தாளில் ஒரு சொட்டு விட்டேன். பழுப்பாகிக் கறுத்தது. விரலும்தான், ஒரு வாரம் போகவில்லை.

தஞ்சையில் கடைசி அரசர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழித்தது. மூன்றே வருஷத்தில் அந்த அரண்மனையைக் கம்பெனியின் கேப்டன் டிரைப் படமெடுக்கிறார். நாட்டை எடுத்தாயிற்று, இனி படம். ஆனால் 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், செலவு அதிகம் என்று டிரைப்பின் வேலைக்கே மூடுவிழா நடத்திவிட்டார். ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் இன்றும் அதே பதில்தான். எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது.

மாசிக்காய் பாதி மிச்சம். எதிர்வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, கொடுத்துவிட்டேன்.