ஆள்களப் பெயர்

அமேசான் டாட் காம் போன்ற இணைய முகவரிப் பெயரைப் பற்றி, "டொமைன் வாங்கியாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்கிறோம். உண்மையில் அது வாங்குவது இல்லை, குத்தகைதான். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். புதுப்பிக்க மறந்தால் கைவிட்டுப் போகும்.

சொல்லின் பிறப்போ இதற்கு நேர் எதிர். லத்தீனில் டோமுஸ் என்றால் வீடு, டொமினஸ் வீட்டுத் தலைவன், டொமினியம் அவனுடைய உடைமையுரிமை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒருவர் ஆளும் நிலப்பரப்பைக் குறித்தது. (நிலத்துக்கு உரியவனை நம் பழந்தமிழ் கிழவன் என்றது, வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், கணினிகளின் எண் முகவரிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வடிவமைத்தபோது இந்தச் சொல் பொருத்தமாக அமைந்தது. ஒரு பெயரைப் பதிந்தவர், அதற்குக் கீழே வரும் பெயர்களையெல்லாம் தாமே நிர்வகிக்கிறார் அல்லவா?

அதனால்தான் டொமைனுக்கு ஆள்களம் என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடிக்கிறது. ஆளும் களம்: வினைத்தொகை. வெறும் 'களப்பெயர்' என்றால் ஆட்சி விடுபடுகிறது. 'தளப்பெயர்' பிழையே, ஒரே ஆள்களத்தின் கீழ் பல தளங்கள் இருக்கலாம், தளமே இல்லாமல் மின்னஞ்சல் மட்டும்கூட இருக்கலாம். பேச்சில் டொமைன் என்பதே போதும், சண்டை வேண்டாம்.

சரி, தேடலில் முன்னே வர எப்படிப்பட்ட பெயர் வைப்பது? 'மலிவு விலைப் பட்டுச்சேலை' என்று தேடுசொல்லையே பெயராக்கும் உத்தி ஒரு காலத்தில் எடுபட்டது. 2012 செப்டம்பரில் கூகுள், அப்படிப் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு சரக்கில்லாமல் இருந்த தளங்களைக் கீழே இறக்கியது. புத்தகம் விற்க வந்த அமேசான் ஓர் ஆற்றின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

நமக்குள்ள சிக்கல் வேறு: எழுத்துக்கூட்டல். வாழை என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்? ஒரு 'ஏ'யா, இரண்டா? ழகரத்துக்கு 'எல்' போதுமா, 'இசட் எச்' வேண்டுமா? நான்கு வடிவம் வந்துவிட்டது. அதில் ஒன்றை வலை என்றும் வளை என்றும் படிக்கலாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் முடிவுகளோடு தமிழ் எழுத்திலேயே பதிந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாகத்தான் சேமிக்கப்படுகிறது. நகலெடுத்து ஒட்டும்போது சில இடங்களில் அந்தச் சரமே பல்லிளிக்கும்.

பதியும் முன், பெயரை ஒருவருக்குப் போனில் சொல்லித் தட்டச்சுச் செய்யச் சொல்லுங்கள். அவர் "எந்த ல?" என்று கேட்டால், வேறு பெயர் யோசிக்கலாம்.