பேஸ்மெண்டில் ஒரு ‘டக்’

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆபீஸ் பேஸ்மெண்டில் சார்ஜர் கன்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் பிளக்கை, எலக்ட்ரிக் காரில் செருகினால், ஓரிரு விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் சுவரில் மாட்டிய சார்ஜர் பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணகிரிக்காரர், “உள்ள ஏதோ பேசிக்குது சார்” என்பார். அவர் சொல்வது சரிதான்.

கன்னின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள், ஏழு பின்கள் தெரியும். ஐந்து பெரியவை: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். மீதி இரண்டும் பொடிசு. அவற்றில் ஒன்றுக்குக் கன்ட்ரோல் பைலட் என்று பெயர். பேச்செல்லாம் அதில்தான்.

பெட்டி அந்தப் பின்னில் 12 வோல்ட் வைத்துக்கொண்டு காத்திருக்கும். காரில் செருகியதும், காருக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். வண்டி வந்துவிட்டது என்று பெட்டிக்குப் புரியும். கார் தயாரானதும் இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்து 6 வோல்ட்டுக்கு இறக்கும். அப்போதுதான் பெட்டிக்குள் கான்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்ச் மூடிக்கொண்டு கரண்டை விடும். நாம் கேட்ட ‘டக்’ அதுதான். அதுவரை பெரிய பின்களில் கரண்டே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு இடையில் நடக்கும் வேலை. வண்டி வந்தது தெரிந்ததும் பெட்டி அந்தச் சின்னப் பின்னில் விநாடிக்கு 1,000 முறை ஏறி இறங்கும் சதுர அலையை அனுப்புகிறது. அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் செய்தி. 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்காதே. 27 என்றால் 16 வரை, 53 என்றால் 32 வரை இழுக்கலாம். ஏசி கரண்டை (மாறுதிசை மின்சாரம்) டிசியாக்கி (நேர்திசை மின்சாரம்) பேட்டரிக்குக் கொடுப்பது காருக்குள் இருக்கும் ஆன்-போர்டு சார்ஜர். அது இந்த அளவுக்குக் கட்டுப்பட வேண்டும். இதற்கு ஆப்பும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

ஆபீஸுக்கு இது ஏன் முக்கியம்? 7.4 கிலோவாட் பெட்டிகள் பத்து இருந்தால் 74 கிலோவாட். ஏர் கண்டிஷனர், லிஃப்ட், சர்வர் எல்லாம் போக, பெங்களூருக்கு மின்சாரம் வழங்கும் பெஸ்காம் அனுமதித்த லோடில் 22 கிலோவாட்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து காரும் நின்றால் பெட்டிகள் அலையைச் சுருக்கி, ஆளுக்கு 2.2 கிலோவாட் என்று பங்கு போடும். மதியம் ஐந்து பேர் கிளம்பினால் மீதிப் பேருக்குப் பங்கு இரட்டிப்பாகும். ஆனால் 6 ஆம்பியருக்கு, அதாவது சுமார் 1.4 கிலோவாட்டுக்கு, கீழே போக முடியாது. அதனால் பெட்டிகளைக் கூட்டினாலும் இந்த 22 கிலோவாட்டில் ஒரே சமயத்தில் 15 கார்தான். பதினாறாவது கார் காத்திருக்க வேண்டும்.

“ஃபாஸ்ட் சார்ஜரே போட்டுவிடலாமே” என்று ஆபீஸ் குரூப்பில் அடிக்கடி குரல் எழும். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவருக்குப் போக வர 60 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடினாலும் 10 யூனிட் போதும். 2.2 கிலோவாட்டில், வீணாவதையும் சேர்த்தால், ஐந்து மணி நேரம் ஆகும். கார் நிற்பதோ ஒன்பது மணி நேரம். ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணியில் வேலை முடிந்துவிடும். அப்புறம் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து காரை நகர்த்த வேண்டும். யார் எழுந்து வருவார்கள்?

பகலில் சார்ஜ் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. துமகூரு மாவட்டத்தில் பாவகடாவின் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா மும்முரமாக இருக்கும் நேரம் அதுதான். ராத்திரி வீட்டில் செருகினால் அந்த வெயில் கிடைக்காது.

கரண்ட் போனால்தான் சிக்கல். ஆரம்பத்தில் எங்கள் பெட்டிகளை ஜெனரேட்டர் சிக்னலோடு இணைக்கவில்லை. பெட்ரோல் வேண்டாம் என்று வாங்கிய காரைக் கொஞ்ச நாள் டீசலில் சார்ஜ் செய்துகொண்டிருந்தோம். இப்போது ஜெனரேட்டர் எழுந்தால் அலை நின்றுவிடும், கார்களும் இழுப்பதை நிறுத்திவிடும்.

மாலை ஆறரைக்குக் காரைத் திறந்து, பூட்டு விடுபட்டதும் கன்னை உருவுகிறோம். கார் இழுப்பதை நிறுத்தியதுமே பெட்டிக்குள் இன்னொரு ‘டக்’ கேட்கும். ஏதாவது கோளாறில் கரண்ட் ஓடும்போதே கன் கழன்றாலும், பைலட் பின் மற்றதைவிடக் குட்டை என்பதால் அந்தத் தொடர்புதான் முதலில் அறும். அது அறுந்ததுமே பெட்டி கரண்டை வெட்டிவிடும்.