செய்முறை எழுத்து: சொல் விளக்கம்

ஆங்கில வகுப்பில் ‘புரொசீஜரல் ரைட்டிங்’ எனப்படுவதற்குத் தமிழில் பொருத்தமான பெயர் செய்முறை எழுத்து. ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்க வழிகாட்டும் எழுத்து இது. சமையல் குறிப்பு, விளையாட்டு விதி, கைவினைக் குறிப்பு எல்லாம் இதில் அடங்கும்.

‘புரொசீஜர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். முன்னே செல்லுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் ‘முறை’ என்பதற்கு ஒழுங்கு, நீதி, உறவு, தடவை எனப் பல பொருள் உண்டு. இங்கே ஒழுங்கு என்பதே பொருந்தும். ‘நடைமுறை’ அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ‘செயல்முறை’ என்றால் ஒளிச்சேர்க்கை போல ஒன்று எப்படி நிகழ்கிறது என்ற விளக்கமாகிவிடும்.

செய்முறை ஒரு வினைத்தொகை. செய்த முறை, செய்கின்ற முறை, செய்யும் முறை என மூன்று காலமும் அதில் மறைந்திருக்கின்றன. பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதுதான். ‘நான் தாளை மடித்தேன், பிறகு வெட்டினேன்’ என்று எழுதினால் அது செய்த முறை, அதாவது அனுபவக் கட்டுரை. நமக்கு வேண்டியது செய்யும் முறை. மடி, மடியுங்கள், மடிக்கவும் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதச் சொல்ல வேண்டும்.

சீனர்கள் கொண்டாடும் இலையுதிர்கால விழாவையொட்டிச் செய்யும் காகித விளக்கு நல்ல பயிற்சி. தேவை: ஓர் ஏ4 வண்ணத்தாள், கத்தரிக்கோல், பசை, அளவுகோல். முதலில் தாளின் குட்டையான ஓரத்தில் 2 செ.மீ. அகலப் பட்டை ஒன்றைக் கைப்பிடிக்காக வெட்டவும். மீதித் தாளை நீளவாக்கில் இரண்டாக மடிக்கவும். மடிப்பு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்தை நோக்கி, 2 செ.மீ.க்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டே போகவும். ஒவ்வொரு வெட்டும் எதிர் ஓரத்துக்கு 2 செ.மீ. முன்பே நிற்க வேண்டும். தாளை விரித்து, குட்டையான ஓரங்கள் இரண்டும் சேருமாறு உருட்டி ஒட்டவும். கடைசியாகக் கைப்பிடியை ஒட்டவும்.

‘மடிப்பு ஓரத்திலிருந்து’ என்பதை விட்டுவிட்டால் படிப்பவர் திறந்த ஓரத்திலிருந்து வெட்டுவார். விளக்குக்குப் பதிலாக இருபுறமும் குஞ்சம் தொங்கும் தாள்தான் மிஞ்சும். கைப்பிடிப் பட்டையை வெட்டும் படி கடைசியில் வந்தால் அதற்குத் தாளே இருக்காது. வரிசை ஏன் முக்கியம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தமிழில் வரும் இன்னொரு சிக்கல் வினையெச்சச் சங்கிலி. ‘மடித்து வெட்டி விரித்து உருட்டி ஒட்டவும்’ என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். ஆனால் அதைப் பார்த்து யாராலும் விளக்குச் செய்ய முடியாது. ஒரு படிக்கு அதிகம் போனால் இரண்டு வினை போதும். ‘காய்ந்ததும்’, ‘காயும் வரை’ போன்ற சொற்களைத் தனியே பழக்க வேண்டும். எண்ணிட்ட படிகளில் ‘பிறகு, பிறகு’ என்று எழுதத் தேவையில்லை.

10 மதிப்பெண் என்றால் பொருளும் அளவும் 2, வரிசை 3, படிகளின் தெளிவு 3, மொழி 2 எனப் பிரிக்கலாம். எழுத்துப்பிழை மொழிக்கான இரண்டு மதிப்பெண்ணுக்குள்ளேயே அடங்கட்டும். திருத்தும் முன் தாளை வேறொரு மாணவரிடம் கொடுத்து, எழுதியவர் வாய் திறக்காமல் நிற்க, எழுதியபடியே செய்யச் சொல்லவும். அவர் கை நின்ற இடத்தில் பென்சிலால் கோடிட்டு, அந்தப் படியை மட்டும் திரும்ப எழுத வைக்கவும். தொடக்கநிலை 1, 2 மாணவர்கள் படியை வரைந்து கீழே ஒரு வரி எழுதினாலே முழு மதிப்பெண் தரலாம்.